காலியாகத் திறந்த பேரேடு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பதினான்கு கடைகளுக்குக் கொடுத்த கணக்கு சாஃப்ட்வேர் பதினொன்றில் ஒழுங்காக ஓடுகிறது, மூன்று கடைக்காரர்கள் மட்டும் 'இன்ஸ்டால் சரியில்லை' என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சிமென்ட் கடையில் 1603 என்று ஒரு பெட்டி வந்து அப்படியே நின்றுவிடுகிறது. மருந்துக் கடையின் புது லேப்டாப்பில் இன்ஸ்டால் முடிகிறது, திறந்தால் புரொவைடர் பதிவாகவில்லை என்கிறது. உரக் கடையில் ஒரு வருஷமாக நன்றாக ஓடிக்கொண்டிருந்தது போன வாரம் திடீரென்று காலியாகத் திறந்திருக்கிறது. 'மூன்றிலும் அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கட்டுமா?' என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். உரக் கடைக்கு இப்போதே போன் செய்து, அந்தக் கம்ப்யூட்டரில் யாரும் எதையும் அன்இன்ஸ்டால் செய்ய வேண்டாம், புதிதாக ஒரு பில்கூடப் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மிச்சக் கடிதத்தை அதற்குப் பிறகு படித்தால் போதும். அந்தக் கணக்கு பெரும்பாலும் அழிந்திருக்காது. இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

உங்கள் அண்ணன் எழுதியது வி.பி. 6 (விஷுவல் பேசிக் 6) புரோகிராம் என்கிறீர்கள். அது வெளிவந்த 1998இல் நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதினோம். எக்ஸி எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அங்கேயே டேட்டாபேஸும் இருக்கும். 2007இல் விஸ்டா கடைகளுக்கு வந்தபோது அந்த வழக்கத்துக்கு இடமில்லாமல் போயிற்று. சாதாரண உரிமையில் ஓடும் புரோகிராம் எதுவும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் எழுத முடியாது. ஆனால் அதை அப்படியே அமல்படுத்தினால் பழைய புரோகிராம்கள் பலவும் ஒரே நாளில் படுத்துவிடும். அதற்காக விண்டோஸ் ஒரு மாற்று ஏற்பாடு செய்தது. பழைய 32 பிட் புரோகிராம் அங்கே எழுதப் போனால், அந்த ஃபைலின் நகல் ஒன்றைச் சத்தமில்லாமல் எடுத்து, லாகின் செய்தவரின் சொந்த ஃபோல்டரில், ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், அதற்குள் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்தில் வைத்துவிடும். அன்றிலிருந்து புரோகிராம் படிப்பதும் எழுதுவதும் அந்த நகலில்தான். இது கடைக்காரருக்கும் தெரியாது, புரோகிராமை எழுதிய நமக்கும் தெரியாது.

யாராவது ஒருவர் வந்து, ஏதோ பிரின்டர் சரியில்லை என்பதற்காக, ஷார்ட்கட்டில் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற இடத்தில் ஒரு டிக் போட்டுவிட்டுப் போனால் அந்த ஏற்பாடு அத்தோடு நின்றுவிடும். முழு உரிமையோடு ஓடும் புரோகிராமுக்கு விண்டோஸ் நகலைக் காட்டாது. இன்ஸ்டால் செய்த அன்று நீங்கள் வைத்த அசல் ஃபைலைத் திறந்துவிடும். ஒரு வருஷமாக யாரும் தொடாத, ஒரு வரிகூட எழுதாத பேரேடு அது. உரக் கடையில் போன வாரம் யார் வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் என் கையால் நடந்த ஒன்று. 2009இல் ஒரு விதைக் கடைக்குச் செய்து கொடுத்தேன். பகலில் ஒரு பையன் தன் லாகினில் பில் போடுவான். ராத்திரி கடை சாத்தியதும் முதலாளி தன் லாகினில் வந்து கல்லாவோடு ஒத்துப் பார்ப்பார். பையன் போட்ட பில் ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அவரவர் லாகினுக்கு அவரவர் நகல். பகலெல்லாம் பில் அடித்த காகிதம் இருக்கிறது, கம்ப்யூட்டரில் இல்லை. பையன் அழித்துவிட்டான் என்று அவர் நினைத்தார். நான் போய்ச் சேர நான்கு நாள் ஆயிற்று. இரண்டு பேர் ஃபோல்டரையும் திறந்து, ஒரே பெயரில் இரண்டு ஃபைல், ஒன்று பெரியது ஒன்று சிறியது என்று காட்டியபோது முதலாளி ஒன்றும் பேசவில்லை. பையன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். அந்த நான்கு நாள் அவன் வீட்டில் என்ன சாப்பிட்டான், எப்படித் தூங்கினான் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். தப்பு முழுக்க என்னுடையது. அந்தக் கடையில் இன்ஸ்டாலர் எந்த எர்ரரும் காட்டவில்லை, 'வெற்றிகரமாக முடிந்தது' என்றுதான் சொன்னது.

அதனால்தான் உங்கள் மூன்று கடைகளில் 1603 வந்த சிமென்ட் கடையை நான் கடைசியாக வைக்கிறேன். அங்கே வேலை நடக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், நஷ்டம் ஒன்றுமில்லை. நடந்துவிட்டதாகச் சொல்லி நடக்காமல் போனதுதான் ஆபத்து.

உரக் கடைக்குப் போகும்போது பென் டிரைவ் எடுத்துப் போங்கள். புரோகிராமை மூடிவிட்டு, மறைந்த ஃபோல்டர்களைக் காட்டும்படி வைத்து, அந்தக் கம்ப்யூட்டரில் லாகின் உள்ள ஒவ்வொருவரின் விர்ச்சுவல்ஸ்டோரையும் பாருங்கள். கிடைக்கிற டேட்டாபேஸ் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பெயரில் காப்பி எடுங்கள். அளவையும் கடைசியாக மாறிய தேதியையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். காலியாகத் திறந்த பிறகு யாராவது பில் போட்டிருந்தால் அது அசல் ஃபைலில் இருக்கும். அதையும் எடுங்கள். இரண்டையும் சேர்க்கும் வேலையை உங்கள் வீட்டில் காப்பியில் செய்து பார்த்துவிட்டுப் பிறகு கடையில் செய்யுங்கள்.

விர்ச்சுவல்ஸ்டோரில் எதுவுமே இல்லையென்றால் சந்தேகப்பட இன்னொரு ஆள் உண்டு, அது நீங்கள் இன்ஸ்டால் செய்யக் கொடுக்கும் எம்எஸ்ஐ பேக்கேஜ்தான். நீங்கள் டேட்டாபேஸ் வேலை செய்கிறவர் என்பதால் இது உடனே புரியும். எம்எஸ்ஐ என்பதே ஒரு ரிலேஷனல் டேட்டாபேஸ். ஃபைலுக்கு ஒரு டேபிள், காம்பொனன்டுக்கு ஒரு டேபிள், ரெஜிஸ்ட்ரிக்கு ஒரு டேபிள். விண்டோஸ் எஸ்டிகே-யில் வரும் ஆர்கா என்ற சின்னக் கருவியால் திறந்து பாருங்கள், உங்கள் சொந்தப் பேக்கேஜை முதல் தடவையாகப் பார்த்தது போல இருக்கும். அதில் உங்கள் கணக்கு டேட்டாபேஸும் மற்ற டிஎல்எல் ஃபைல்களைப் போல ஒரு வரியாகப் பதிவாகியிருக்கும். விண்டோஸ் இன்ஸ்டாலரைப் பொறுத்தவரை அது தன் பாதுகாப்பில் இருக்கும் பொருள். ஷார்ட்கட்டை அழுத்தும்போது பட்டியலில் உள்ள ஃபைல் அந்த இடத்தில் இல்லையென்றால், 'கெட்டுப்போயிருக்கிறது' என்று எண்ணி பேக்கேஜிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து வைத்துவிடும். கடைக்காரர் பத்திரமாக இருக்கட்டும் என்று பழைய ஃபைலை டி டிரைவுக்கு நகர்த்தியிருந்தால் போதும், மறுநாள் காலியான பேரேடு தானாக முளைத்திருக்கும். அன்இன்ஸ்டால் செய்தால் ஒரு வருஷக் கணக்கு எழுதிய ஃபைலானாலும் தன் பட்டியலில் இருப்பதால் அழித்துவிடும். புதிய பதிப்பைப் போடும்போது பழையதை முதலில் நீக்கும்படி பேக்கேஜ் அமைந்திருந்தாலும் இதே கதிதான்.

காம்பொனன்ட் டேபிளில் ஆட்ரிபியூட்ஸ் என்ற இடத்தில் 16 சேர்த்தால் அன்இன்ஸ்டாலில் ஃபைல் தங்கும், 128 சேர்த்தால் இருப்பதன் மேல் எழுதாது. ஆனால் என் யோசனை அதுவல்ல. கடைக்காரர் எழுதும் ஃபைலை இன்ஸ்டாலர் கையில் கொடுக்கவே கூடாது. காலி டேட்டாபேஸ் ஒன்றை மாதிரியாக, வேறு பெயரில், புரோகிராம் ஃபைல்ஸில் வையுங்கள். புரோகிராம் முதல் முறை திறக்கும்போது, கணக்கு ஃபைல் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மட்டும் மாதிரியை புரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குள் உங்களுக்கென்று உள்ள ஃபோல்டரில் காப்பி செய்யட்டும். அப்படிக் காப்பி செய்ததை எந்த பேக்கேஜும் தன்னுடையது என்று உரிமை கொண்டாடாது.

இங்கே இன்னொரு குழி இருக்கிறது, நானும் விழுந்திருக்கிறேன். புரோகிராம்டேட்டாவில் ஒருவர் உருவாக்கிய ஃபைலை இன்னொரு சாதாரண லாகின் படிக்கலாம், மாற்ற முடியாது. முதலாளி முதலில் திறந்தால் பையனால் பில் போட முடியாது. அப்போது வரும் எர்ரர் 3073. க்வெரி அப்டேட் செய்யக்கூடியதாக இல்லை என்கிற மாதிரி ஒரு வாசகம். அதை நம்பி எஸ்க்யூஎல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இரண்டு ராத்திரி வீணாக்கினேன். க்வெரியில் ஒரு குற்றமும் இல்லை, ஃபோல்டருக்கு எழுத்து உரிமை இல்லை, அவ்வளவுதான். டேட்டாபேஸ் திறந்திருக்கும்போது பக்கத்திலேயே ஒரு லாக் ஃபைல் உருவாகி, மூடும்போது அழிய வேண்டும். ஆகவே ஃபைலுக்கு மட்டும் உரிமை கொடுத்தால் போதாது, ஃபோல்டருக்கே கொடுக்க வேண்டும். அந்த ஒரு ஃபோல்டரில் 'யூசர்ஸ்' குழுவுக்கு மாற்றும் உரிமை கொடுப்பதை இன்ஸ்டாலரே செய்யட்டும்.

மருந்துக் கடைக்கு வருவோம். பழைய கம்ப்யூட்டர்களிலெல்லாம் ஓடுவது புது லேப்டாப்பில் ஏன் ஓடவில்லை என்று ஆச்சரியப்படுகிறீர்கள். வி.பி. 6 எப்போதும் 32 பிட்தான், அதற்கு 64 பிட் பதிப்பே கிடையாது. உங்கள் டேட்டாபேஸ் ஆக்ஸஸ் 2007இல் வந்த புது வகை. அதைத் திறக்க ஏஸ் என்ற எஞ்சின் வேண்டும், அதுவும் 32 பிட்டில். முன்பு கடைகளில் இருந்தது பெரும்பாலும் 32 பிட் ஆஃபீஸ், அதோடு ஏஸும் வந்திருந்தது. உங்கள் புரோகிராம் அந்த நிழலில் ஓடிக்கொண்டிருந்தது. 2019 பதிப்பிலிருந்து ஆஃபீஸ் தானாக 64 பிட்டாகவே இன்ஸ்டால் ஆகிறது. 32 பிட் ஏஸைத் தனியாகப் போடப் போனால், 64 பிட் ஆஃபீஸ் இருக்கிறது, முடியாது என்று மறுக்கும்.

'கொயட்' சுவிட்ச் கொடுத்தால் மறுக்காமல் ஏறிவிடும் என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். ஏறும், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் சில பதிப்புகளில் அதன் பிறகு வேர்டையோ எக்செலையோ திறக்கும்போதெல்லாம் ஆஃபீஸ் தன்னைத்தானே மறுபடி கான்ஃபிகர் செய்யத் தொடங்கும். நம் வேலை முடிய வேண்டும் என்பதற்காக வாடிக்கையாளரின் வேறொரு பொருளைக் கெடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

அதைவிட எளிய வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. ஏஸுக்கு முந்திய எஞ்சினான ஜெட் 4.0 விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது, விண்டோஸ் 11 வரைக்கும். அது 32 பிட் மட்டும்தான், உங்களுக்கு வேண்டியதும் அதுதான். உங்கள் டேபிள்களில் அட்டாச்மென்ட், ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்பு வைக்கும் ஃபீல்டு போன்ற புது வசதிகள் இல்லையென்றால், டேட்டாபேஸைப் பழைய எம்டிபி வகையாகச் சேமித்து, கனெக்‌ஷன் வரியில் புரொவைடரை ஜெட் என்று மாற்றுங்கள். 64 பிட் ஆஃபீஸ் பக்கத்தில் இருக்கலாம், ஆஃபீஸே இல்லாமலும் இருக்கலாம், உங்கள் புரோகிராம் எதையும் கேட்காது. ஒரு பெரிய பேக்கேஜ் செய்யும் வேலையை இப்படி ஒரு வரி மாற்றம் முடித்துவிடும். எதைச் சேர்த்து அனுப்புவது என்று யோசிப்பதைவிட எது இல்லாமல் பிழைக்க முடியும் என்று யோசிப்பது இந்தத் தொழிலில் அதிகம் பலன் தருகிறது.

போகிற போக்கில் ஒன்று. 64 பிட் விண்டோஸில், சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் ஃபைல்கள், சிஸ்வாவ்64 என்பதில் இருப்பவை 32 பிட். பெயரைப் பார்த்து ஏமாறாதவர் இல்லை. உங்கள் 32 பிட் புரோகிராமுக்கான ஓடிபிசி ஜன்னலும் இரண்டாவதில்தான் இருக்கிறது.

இனி 1603. அந்த எண் எதையும் சொல்லாது. 'இன்ஸ்டால் ஆகவில்லை' என்பதைத்தான் வேறு விதமாகச் சொல்கிறது. நீங்கள் அனுப்பிய பெட்டியின் போட்டோவை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. லாக் வேண்டும். கடைக்காரருக்குப் போனில் இப்படிச் சொல்லுங்கள்: கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புப் பெட்டியைத் திறந்து, எம்எஸ்ஐஎக்ஸெக் என்று அடித்து, ஒரு இடம் விட்டு, ஸ்லாஷ் ஐ, பிறகு எம்எஸ்ஐ ஃபைலின் பெயர், பிறகு ஸ்லாஷ் எல், நட்சத்திரம், வி மூன்றும் ஒட்டி, கடைசியில் லாக்குக்கு ஒரு பெயர். ஆயிரக்கணக்கான வரிகளில் ஒரு ஃபைல் வரும். பயப்பட வேண்டாம். நோட்பேடில் திறந்து 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்று மேலிருந்து தேடுங்கள். பலர் கீழிருந்து படிக்கிறார்கள். கீழே இருப்பது சரிந்து விழுந்த சத்தம் மட்டும். முதல் தடவை அந்த மூன்று வரும் இடத்துக்குச் சற்று மேலேதான் எந்த வேலை எதனால் நின்றது என்று எழுதியிருக்கும்.

வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குள் எஸ் என்றோ சி என்றோ ஒரு எழுத்து இருக்கும். சி என்றால் லாகின் செய்தவரின் பக்கம், எஸ் என்றால் சர்வீஸின் பக்கம். இது முக்கியம். சர்வீஸ் ஓடுவது சிஸ்டம் என்ற கணக்கில். கடைக்காரர் கண்ணுக்குத் தெரியும் இசட் டிரைவ் அந்தக் கணக்குக்குத் தெரியாது. சிமென்ட் கடையில் மெயின் கம்ப்யூட்டரின் ஷேர் ஃபோல்டரை இசட் என்று மேப் செய்து அங்கிருந்து செட்டப்பை ஓட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் அதைத்தான் சந்தேகப்படுவேன். எம்எஸ்ஐயை அந்தக் கம்ப்யூட்டரின் சி டிரைவில் ஒரு சாதாரண ஃபோல்டரில் காப்பி செய்து ஓட்டிப் பாருங்கள். இன்ஸ்டால் ஆகும் ஃபோல்டரில் சிஸ்டம் கணக்குக்கு முழு உரிமை இல்லாவிட்டாலும், ஃபோல்டர் என்க்ரிப்ட் ஆகியிருந்தாலும் இதே 1603தான் வரும். அங்கே 1618 என்று வந்தால் வேறு ஏதோ இன்ஸ்டால் ஓடிக்கொண்டிருக்கிறது, காத்திருந்தால் போதும். 3010 என்பது தோல்வியே இல்லை, வேலை முடிந்தது, ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்யச் சொல்கிறது.

லாக்கில் 1722 என்று இருந்தால் அதற்கு அர்த்தம், இன்ஸ்டாலர் நடுவில் கூப்பிட்ட உங்கள் சொந்தச் சின்ன எக்ஸி தவறியது என்பது. எனக்கு ஒரு கடையில் அது வந்தது. லாக்கைப் படித்துக்கொண்டே போனால், ஃபோல்டர் பாதையில் யூசர்ஸ் என்ற சொல்லுக்கு அடுத்து வரிசையாகக் கேள்விக்குறிகள். அந்தக் கடைக்காரர் புது கம்ப்யூட்டரில் தன் பெயரைத் தமிழிலேயே அடித்து லாகின் உருவாக்கியிருந்தார். அதே பெயரில்தான் அவருடைய ஃபோல்டரும் உருவாகியிருந்தது. தமிழ் விண்டோஸுக்குள் வந்தது விண்டோஸ் 2000இல், யூனிகோடாக மட்டும். அதற்கு முந்திய ஆன்சி முறையில் தமிழுக்கென்று ஒரு கோட் பேஜே கிடையாது. வி.பி. 6 ஃபோல்டர் பெயர்களைக் கையாள்வது அந்தப் பழைய முறையில். ஆகவே அவர் பெயரின் ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாக மாறியது. கேள்விக்குறி ஃபைல் பெயரில் வரவே முடியாத எழுத்து. என் எக்ஸி இல்லாத ஒரு ஃபோல்டரைத் தேடித் தோற்றது.

வேறு லாகின் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. தன் கம்ப்யூட்டரில் தன் பெயரைத் தன் மொழியில் எழுதியவரை, எங்கள் சாஃப்ட்வேருக்காக அதை மாற்று என்று கேட்பது சரியில்லை. டெம்ப் ஃபோல்டரைத் தற்காலிகமாக சி டிரைவின் நேரடி ஃபோல்டருக்கு மாற்றி அன்றைய வேலையை முடித்தேன். ஊருக்கு வந்து அந்த எக்ஸியையே தூக்கிவிட்டு, இன்ஸ்டாலரை இன்னோ செட்டப்பில் புதிதாக எழுதினேன். ஜோர்டன் ரஸ்ஸல் 1997இல் தொடங்கிய கருவி அது. ஆறாம் பதிப்பிலிருந்து யூனிகோட் மட்டும்தான். லாக் வேண்டுமென்றால் ஸ்லாஷ் லாக் என்று ஒரு சொல் போதும். ஃபோல்டர் உரிமை கொடுப்பதும், ஏற்கெனவே இருக்கும் ஃபைலைத் தொடாமல் விடுவதும், அன்இன்ஸ்டாலில் அழிக்காமல் விடுவதும் ஒவ்வொரு வரிக் குறிப்புதான். உங்கள் அளவு வேலைக்கு எம்எஸ்ஐயைவிட அது பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

லாக்கும் வாய் திறக்காத சமயம் உண்டு. அப்போது மார்க் ருசினோவிச் குழுவின் பிராசஸ் மானிட்டரை ஓட்டி, 'ஆக்ஸஸ் டினைட்' என்று வரும் வரிகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். எந்தக் கதவைத் தட்டித் திறக்காமல் நிற்கிறது என்று தெரிந்துவிடும். ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டுப் போடுங்கள் என்று மட்டும் எந்தக் கடைக்காரரிடமும் சொல்லாதீர்கள். அவர் அதைத் திரும்ப ஆன் செய்ய மாட்டார்.

உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் ஓடுவதை ஒரு சான்றாக எடுக்கவே வேண்டாம். அதில் வி.பி. இருக்கிறது, ஆக்ஸஸ் இருக்கிறது, பத்து வருஷ டிஎல்எல் எல்லாம் இருக்கிறது. விண்டோஸ் 10இன் 2019ஆம் வருஷத்து 1903 பதிப்பிலிருந்து ப்ரோ வகையில் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒன்றுமே இன்ஸ்டால் செய்யாத புது விண்டோஸ் கிடைக்கும். உங்களுடையது ஹோம் வகை என்றால் அதில் இது இல்லை. அப்போது ஒரு பழைய லேப்டாப்பைத் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று லாகின்: முதலாளிக்கு அட்மின், பில் போடும் பையனுக்குச் சாதாரணம், மூன்றாவது உங்கள் பெயரில், தமிழில். ஒரு லாகினில் பில் போட்டு மற்ற இரண்டிலும் அது தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு புது பதிப்பை மேலே போட்டுப் பாருங்கள். அன்இன்ஸ்டால் செய்து பில் மிஞ்சுகிறதா என்று பாருங்கள்.

சிமென்ட் கடை லாக் கிடைத்தால் முதல் 'ரிட்டர்ன் வேல்யூ 3'க்கு மேலே ஐம்பது வரிகளை எனக்கு அனுப்புங்கள். உரக் கடையில் எந்த லாகினில் எவ்வளவு பெரிய ஃபைல் கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். அங்கே பில் போடுவது யார் என்று நீங்கள் சொல்லவில்லை. முதலாளி அல்லாத ஒருவர் என்றால், கணக்கு கிடைத்ததும் முதல் போன் அவருக்குச் செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்